சங்குக்கு அப்புறம் நாற்பது கிளிஞ்சல்

பூவுக்கு முன்னால் எழுந்து, எங்களுக்கு முன்னால் போய்விட்ட என் ஏழுமலை அண்ணாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். மணி மூன்றேகால். ஷிஃப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கி, சோற்றைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நீ இருந்திருந்தால், நின்றுகொண்டே தூங்குவது குதிரையும் நீயும்தான் என்று பழைய கிண்டலைத் திரும்பச் செய்திருப்பாய்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. ஒரே வரிச் சேதிதான். அதை நான் சொல்லாமல் விட்டதால்தான் நீ பொய்யன் என்று பேர் வாங்கினாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கட்டும் அண்ணா. உன்னை நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டார்கள். பதிலும் நாலு பேர் நடுவில்தான் போக வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கே தெரியாதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

நம் ஊர்க் கரையிலிருந்து கோல் ஊன்றிப் போனால் முக்கால் மணி நேரத்தில் அந்தத் திட்டு வந்துவிடும். பழவேற்காடு ஏரிக்குள் அது மாதிரி எத்தனையோ திட்டு இருக்கின்றன. இதற்குப் பேர்கூடக் கிடையாது. நாலு உடை மரம், பட்டுப்போன ஒற்றைப் பனை, மணல் முழுக்க அடப்பங்கொடி. வலை காயப்போடவும் வெயிலுக்கு ஒதுங்கவும்தான் அது நமக்குப் பயன்பட்டது. அங்கே என்ன பூக்கிறது, எப்போது பூக்கிறது என்று நம் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் தை மாதம், திருவள்ளூர்ப் பக்கத்துக் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிற மேடம் உன் படகில் ஏறினார்கள். தண்ணீர் சூழ்ந்த இடத்தில் எந்தப் பூ தினமும் எத்தனை மணிக்கு விரிகிறது, அதைத் தேடி எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தினமும் அவ்வளவு தூரம் வர அவர்களால் முடியாது. எட்டாவது வரை படித்த உன்னைக் கேட்டார்கள். நீ ஒப்புக்கொண்டாய். ஒரு நோட்டையும், கையில் கட்டிக்கொள்ள ஒரு வாட்சையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறாலை வாளியில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு என் வீட்டுக்கு வந்தாய். இறாலைப் பற்றி ஒரு பேச்சில்லை. பூவைப் பற்றித்தான் பேச்சு.

“பூவுக்கும் டூட்டி டைம் இருக்குதும்மா செல்வி. அடப்பங்கொடி ஏ ஷிஃப்ட்டு. நெருஞ்சி ஜெனரல் ஷிஃப்ட்டு. ஊமத்தை சாயங்காலம் வர்ற பி ஷிஃப்ட்டு. யாரும் பஞ்ச் பண்ணச் சொல்லல, அதுவா கரெக்டா வந்துடுது பாரு.”

நான் சிரித்தேன். நாற்பது வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாதிரி உன் முகம் இருந்தது. கரையில் ஒரு பூவுக்குத் தேனீ, வண்டு, பட்டாம்பூச்சி என்று பத்து ஆள் வரும், திட்டில் அப்படியில்லை என்று சொன்னாய். அங்கே அடப்பங்கொடிக்குக் கருவண்டு மட்டும்தான். பட்ட பனையில் ஓட்டை போட்டுக் குடியிருக்கிற அந்தக் குண்டு வண்டு. காலையில் விரிகிற பூ மத்தியானத்துக்குள் வாடிவிடும். அதற்குள் வண்டு வரவில்லையென்றால் அந்தப் பூவுக்கு விதை கிடையாது.

“ரிலீவரே இல்லாத டூட்டிம்மா அது,” என்றாய்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் எட்டு மணி நேரம் பெல்ட் முன்னால் நின்று, ஓடுகிற மூடிகளில் ஓட்டையும் கீறலும் பார்க்கிறவள் நான். அடுத்த ஆள் வராத நாளில் பதினாறு மணி நேரம். வண்டு வராத பூவின் கஷ்டம் உன்னைவிட எனக்குத்தான் புரியும் என்று சொன்னேன். நீ அதையும் நோட்டில் எழுதப் போவதாக மிரட்டினாய்.

அந்த வாட்ச் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உப்புத்தண்ணீர் உள்ளே போய் மாசியிலேயே நின்றுவிட்டது. மேடத்திடம் சொல்ல உனக்கு வெட்கம். பெரிய மனுஷி நம்பிக் கொடுத்த பொருள், ஒரு மாதத்தில் கெடுத்துவிட்டான் என்று நினைப்பார்களே என்று மறைத்தாய். போனை ஏரிக்கு எடுத்துப்போக அண்ணி விடமாட்டாள். ஏற்கெனவே இரண்டு போனை ஏரிக்குத் தானம் செய்தவன் நீ.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாய். அந்தப் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

“செல்வி, உங்க கம்பெனி சங்கு காலீல எத்தினி மணிக்கு ஊதுது?”

“அஞ்சரைக்குணா. ஏன்?”

“மேல்காத்துல திட்டு வரைக்கும் கேக்குது. டைம் மாறாதே?”

“சூரியன் மாறுனாலும் மாறும்ணா, கம்பெனி சங்கு மாறாது.”

இந்த வாயால்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் நீ கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இருட்டு பிரியும் முன்னால் திட்டுக்குப் போய், கொடிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். சங்கு ஊதியதும் எண்ண ஆரம்பிப்பாய். கோல் ஊன்றுகிற நிதானத்தில் அறுபது எண்ணினால் ஒரு நிமிஷம். ஒரு கிளிஞ்சலை எடுத்து டப்பாவில் போடுவாய். பூ விரிந்ததும் டப்பாவைக் கொட்டிப் பார்ப்பாய். ‘சங்கு, 40 கிளிஞ்சல், பூ. 50 கிளிஞ்சல், வண்டு.’ வீட்டுக்கு வந்து அதை மணிக் கணக்காக மாற்றி, மேடத்துக்கு வேறு நோட்டில் நல்ல கையெழுத்தில் எழுதுவாய். ஆறு பத்துக்குப் பூ, ஆறு இருபதுக்கு வண்டு.

சாயங்காலம் காற்று கடல் பக்கத்திலிருந்து அடிக்கும். சங்கு கேட்காது. அதற்குப் பதிலாகக் கிழக்கே இருக்கிற சர்ச்சின் ஆறு மணி அடிப்பதை வைத்துக்கொண்டாய். ஊமத்தைக்கு அந்த மணியிலிருந்து கிளிஞ்சல் கணக்கு. அந்திப்பூச்சி வந்து போகிறவரை உட்கார்ந்துவிட்டுத்தான் படகை எடுப்பாய். ஊரில் உனக்கு ‘பூ வாட்ச்மேன்’ என்று பேர் வைத்தார்கள். நீ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாய்.

பங்குனியில் உனக்குச் சிக்குன்குன்யா வந்தது. பதினெட்டு நாள் பாயை விட்டு எழவில்லை. கைகால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, சித்திரை பிறந்த பிறகுதான் மறுபடி திட்டுக்குப் போனாய். நாலைந்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அதிசயம் கேளு செல்வி. பூவெல்லாம் அரை மணி முன்னாடியே முழிச்சிக்கிது. வெயிலு இன்னா வேலை பண்ணுது பாரு. கருவண்டும் கூடவே முன்னாடி வந்துடுது. அதுக்கு யாரு சொன்னாங்கோ?”

நான் அப்போது பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஆமாம்ணா, அதிசயம்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கு மேல் யோசிக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

மேடம் சந்தோஷப்பட்டார்கள். இது பெரிய விஷயம், இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று வைகாசியில் ஒரு கேமராவைக் கொண்டுவந்து கொடிக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டினார்கள். ஒரு வாரம் அது படம் எடுத்தது. நீயும் அதே ஒரு வாரம் எழுதினாய். கேமராவில் பூ ஆறு பத்துக்கு விரிந்தது. உன் நோட்டில் ஐந்து நாற்பதுக்கு விரிந்தது.

அடுத்த முறை மேடத்தோடு அவர்கள் காலேஜின் மூத்த வாத்தியார் ஒருவரும் வந்தார். படகு கட்டுகிற இடத்தில், டீக்கடைக்காரர் முதல் வலை பின்னுகிறவர்கள் வரை எல்லோரும் இருந்தார்கள். காலைப் பூ அத்தனையும் ஒரே நாளில் அரை மணி முன்னால் வந்ததாம், சாயங்காலப் பூ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்ததாம், எந்தச் செடி இப்படிச் செய்யும் என்று அவர் கேட்டார். நீ தலையைச் சொறிந்தாய். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

“இதெல்லாம் நேர்ல பார்த்து எழுதினதா, இல்ல வீட்டுல படுத்துக்கிட்டு எழுதினதா?”

“பாத்துதான் சார் எழுதனேன்.”

“அப்போ கேமரா?”

“கேமராலதான் சார் டைம் தப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள் என்று அண்ணி சொன்னாள். மேடம் சிரிக்கவில்லையாம்; ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லையாம். வாட்ச் எங்கே என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே வெளியில் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நீயும் வெறும் மணிக்கட்டை லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டு நின்றாயாம்.

ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அரை மணி வித்தியாசம் தெரியாதா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். தெரிந்திருக்கும். சங்கு ஊதும்போது வெளிச்சம் கூடுதலாக இருப்பதை நீ பார்த்திருப்பாய். சித்திரை மாதம், சீக்கிரம் விடிகிறது என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லியிருப்பாய். நம் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான். பஸ் தப்பும், கரண்ட் தப்பும், மழை தப்பும். கம்பெனி சங்கு தப்பும் என்று மட்டும் நமக்குத் தோன்றவே தோன்றாது. பூ மாறிவிட்டது என்று நம்புவது உனக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. தங்கச்சி வேறு அடித்துச் சொல்லியிருக்கிறாளே.

வேலை நின்றது. ‘பூ வாட்ச்மேன்’ போய் ‘அரைமணி ஏழுமலை’ என்று பேர் வந்தது. நீ அதற்கும் சிரித்துக்கொண்டுதான் டீ குடித்தாயாம். ஆனால் ஆனி மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாய்.

“பாக்காதத நான் எழுதல செல்வி. நீயாச்சும் நம்புறியா?”

நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது வேறு. “வுடுணா, பேஜாரு புடிச்ச வேலை. மீனைப் புடிச்சமா, வந்தமான்னு இரு.” அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட்டும் சேர்ந்திருந்தது, உட்காரக்கூட இல்லை, காதில் மெஷின் சத்தம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் நீ நம்புகிறாயா என்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. அது அப்படியே நிற்கிறது.

ஆடியில் படகைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பொன்னேரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீடிதான் காரணம் என்றார் டாக்டர். அண்ணி அதை நம்புகிறாள். நான் பாதி நாள் நம்புகிறேன்.

இந்த ஆடியில் உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். இலை எடுத்த பிறகு அண்ணி உள்ளே போய், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மேடத்துக்கு எழுதிக் கொடுத்த நல்ல நோட்டு இல்லை. திட்டில் வைத்துக் கிறுக்கிய நோட்டு. ஓரமெல்லாம் உப்புப் பூத்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“அடுப்புல போட மனசு வர்ல. நீ எட்த்துக்கினு போ,” என்றாள்.

ஒரு மாதம் அது என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. திறக்கத் தைரியம் வரவில்லை. இந்த ஆவணியில் ஒரு நாள் நாஷ்டா இடைவேளையில், கேன்டீனில் இட்லியை வைத்துக்கொண்டு, எதற்கோ எடுத்துப் பிரித்தேன். சங்கு, 40, பூ. 50, வண்டு. சங்கு, 41, பூ. 51, வண்டு. பக்கம் பக்கமாக அதே. அப்புறம் ஒரு பக்கத்தில் ‘காய்ச்சல்’ என்று ஒரே வார்த்தை. அதற்கு அடுத்த பக்கத்தில், சங்கு, 10, பூ. 20, வண்டு.

மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நீ காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வேன் ரூட்டை மாற்றுகிறார்கள், ஆறு மணி ஷிஃப்ட் இனிமேல் ஆறரைக்கு, முதல் சங்கு ஐந்தரைக்குப் பதிலாக ஆறு மணிக்கு. எங்கள் செக்‌ஷன் பெண்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தினமும் அரை மணி கூடுதலாகத் தூங்கலாமே. நானும் அன்றைக்கே போனில் அலாரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தூங்கினேன்.

பூ மாறவில்லை அண்ணா. வண்டும் மாறவில்லை. சங்கு மாறியது. அதை உனக்குச் சொல்ல வேண்டியவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழுகை வரவில்லை. கை கழுவிக்கொண்டு போய் பெல்ட் முன்னால் நின்றேன். இரண்டரை மணி வரை மூடி பார்த்தேன். அன்றைக்கு எத்தனை கீறல் மூடியை விட்டிருப்பேனோ தெரியாது. சூப்பர்வைசர் இரண்டு தடவை உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்று சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்த வாரம் வேறு ஷிஃப்ட், நான் வரும்போது அவர் போயிருந்தார்.

அடுத்த வார லீவில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பஸ் பிடித்தேன். உட்கார இடம் கிடைத்தும் எனக்குக் கண் மூடவில்லை. உன் நோட்டு, என் பழைய வேன் பாஸ், புது வேன் பாஸ், மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாஸில் நேரம் அச்சடித்திருக்கிறதே, அதுதான் என்னிடம் இருந்த ஒரே சாட்சி.

மேடம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார்கள். ஏழுமலையின் தங்கச்சி என்றதும் எழுந்து நின்றார்கள். நீ போன சேதி அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாட்ச் நின்ற கதை, சங்குக் கதை, கிளிஞ்சல் கதை எல்லாம் சொன்னேன். வேன் பாஸ் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் நோட்டை மெதுவாகப் புரட்டினார்கள். ஒரு பென்சிலை எடுத்து, பூவுக்கும் வண்டுக்கும் நடுவில் எத்தனை கிளிஞ்சல் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தார்கள். பத்து, பத்து, ஒன்பது, பத்து. காய்ச்சலுக்கு முன்னாலும் பத்துதான், பின்னாலும் பத்துதான்.

வீட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறவனுக்கு இப்படி வராது என்றார்கள். பூவை ஒரு பக்கம் மாற்றி எழுதினாலும் வண்டை எங்காவது கோட்டை விட்டிருப்பான். சாயங்காலப் பூ ஏன் மாறவில்லை என்று அவர்களே கேட்டு, சர்ச் மணி என்று நான் சொன்னதும் அவர்களே தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

“எந்த வாட்சைப் பார்த்து எழுதுறீங்கன்னு நான் அவரை ஒரு தடவை கேட்டிருக்கணும். கேட்கலை,” என்றார்கள்.

நானும் கேட்காதவள்தானே. மேடம், இதைச் சரிசெய்வது சுலபம், சித்திரைக்கு அப்புறம் இருக்கிற காலைக் கணக்கில் எல்லாம் அரை மணி கூட்டிவிட்டால் போதும், உன் வேலை முழுக்க உபயோகப்படும் என்றார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பூவுக்கு அரை மணி கூட்டிவிடலாம். ‘அரைமணி ஏழுமலை’ என்று கேட்டுக்கொண்டே நீ டீ குடித்த நாட்களுக்கு எதைக் கூட்டுவது? நம் கரையில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் மேடம் என்று மட்டும் கேட்டேன்.

வந்தார்கள் அண்ணா. போன ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். டீக்கடையில் அதே ஆட்கள். ஏழுமலை எழுதினது எல்லாம் பார்த்து எழுதினதுதான், தப்பு அவர்மேல் இல்லை, சங்கு நேரம் மாறினது யாருக்கும் தெரியலை, நாங்கதான் தப்பாப் பேசிட்டோம் என்று நின்றுகொண்டே சொன்னார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார். ஒருத்தர், அப்படியா, என்றார். இன்னொருத்தர், அப்ப பூ முன்னாடி பூக்கலையா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். அவ்வளவுதான். நான் எதையோ பெரிதாக எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் திரும்ப அவரவர் டீயைக் குடித்தார்கள்.

ஆனால் அண்ணி அழுதாள். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் படகுக்குப் போய் கோலை எடுத்தாள். அவளுக்குக் கோல் ஊன்றத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மேடத்தையும் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு திட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். படகை விற்கவில்லை அண்ணா, வாரத்துக்கு ஒருதரம் தண்ணீர் இறைத்து வைக்கிறாள்.

பட்ட பனை அப்படியே நிற்கிறது. விறகுக்கு வெட்டுகிறேன் என்று வந்தவர்களை அண்ணி திருப்பி அனுப்பினாளாம். எதற்கு என்று அவளுக்கே தெரியாது, நீ அதைத் தொட விடமாட்டாய் என்பது மட்டும் தெரியும். அதன் அடியில் மணலில் பாதி புதைந்து உன் டப்பா கிடந்தது. மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே கிளிஞ்சல் எல்லாம் பத்திரமாக இருந்தன.

கொடிப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பூ இன்னும் சுருட்டிக்கொண்டுதான் இருந்தது. கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது. அப்போது மேற்கிலிருந்து எங்கள் கம்பெனி சங்கு கேட்டது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. மெலிசாக, யாரோ ஏரிக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. போனைப் பார்த்தேன். மணி ஆறு.

மேடம் போனில் நேரம் பார்த்தார்கள். நான் கிளிஞ்சல் போட்டேன். அறுபதுக்கு ஒன்று. பாதியில் எண்ணிக்கை தப்பி மறுபடி பிடித்தேன். தினமும் இதைச் செய்ய உனக்கு எங்கிருந்துதான் பொறுமை வந்ததோ. பத்தாவது கிளிஞ்சலைப் போட்டபோது, அந்த ஊதாப் பூ தன் மடிப்பைப் பிரித்துக்கொண்டு வாயைத் திறந்தது. அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். உன்னை எந்நேரமும் கரித்துக்கொட்டினாளே, எதைப் பார்க்க இவ்வளவு காலையில் ஓடுகிறாய் என்று, அதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

இருபதாவது கிளிஞ்சலுக்குப் பனையிலிருந்து கருவண்டு வந்தது. நேராக வந்து பூவுக்குள் தலையை விட்டது. உன் வண்டா, அதன் பிள்ளையா தெரியாது.

மேடம் ஆறு பத்து, ஆறு இருபது என்று தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் உன் நோட்டை எடுத்தேன். உன் கடைசி வரிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. அதில், உன் மாதிரி நல்ல கையெழுத்து எனக்கு இல்லை, இருந்தாலும் எழுதினேன்: ‘அண்ணா, சங்கு இப்போது ஆறு மணிக்கு.’

இதுதான் அந்தச் சேதி. போன வருஷம் சித்திரையில் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டியது.

நம்புகிறாயா என்று கேட்டாயே, நம்புகிறேன் அண்ணா. கேமராவைப் பார்த்து இல்லை, நோட்டைப் பார்த்தும் இல்லை. அன்றைக்கே நம்பினேன், அசதியில் வாயிலிருந்து வரவில்லை. இதை நீ நம்புவாயா?

சோறு ஆறிவிட்டது. நாளைக்கும் எனக்கு ஏ ஷிஃப்ட்தான். மேடம் மறுபடி ஆள் தேடுகிறார்கள். அண்ணி, நான் போறேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாததால் அவள் கிளிஞ்சலைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பாள், என் லீவு நாளில் போய் நான் எண்ணி எழுதுவேன். வாட்ச் வாங்கித் தருகிறேன் என்றார்கள் மேடம். அதெல்லாம் வேண்டாம், சங்கு போதும் என்றாள் அண்ணி. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதனால் உனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு வாக்கு. எங்கள் கம்பெனி இனி எப்போது சங்கு நேரத்தை மாற்றினாலும், ஐந்து நிமிஷமே ஆனாலும், நான் எவ்வளவு களைத்திருந்தாலும், அலாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் திட்டுக்குச் சேதி வந்துவிடும்.

உனக்கு நேரம் தப்பாகச் சொன்ன,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
செல்வி